ஒரே வியூ, நாலு போர்மட்: வெப்பேஜ், ஜேசன், சிஎஸ்வி, கலண்டர் எல்லாத்தையும் ஒரு இடத்தில இருந்து குடுக்கிறது

நிலாவெளியில இருந்து புறாமலைக்குப் படகு விடுற ஆக்களுக்கு ஒரு சின்ன வெப்சைட் செய்து குடுக்கிறீங்கள் எண்டு வைங்கோ. முதல்ல கேப்பினம் சுற்றுலா வாற ஆக்கள் போன்ல பாக்க ஒரு பேஜ். பேந்து கெஸ்ட் ஹவுஸ் ரிசப்ஷன்ல ஓடுற அப்புக்கு ஜேசன் (புரோகிராம் வாசிக்கிற டேட்டா போர்மட்) வேணுமாம், டவுனில இருந்து கணக்குப் பாக்கிறவருக்கு எக்செல்ல திறக்கிற மாதிரி சிஎஸ்வி வேணுமாம், கடைசியா படகு ஓட்டுற பெடியன் வந்து என்ட போன் கலண்டர்ல தானா விழுற மாதிரி ஏதும் செய்யேலாதோ எண்டு கேப்பான். நாலு பேரும் கேக்கிறது ஒரே லிஸ்டைத்தான். எண்டைக்கு, எத்தனை மணிக்கு, எங்க இருந்து, எத்தனை சீட் மிச்சம்.

கனபேர் இதுக்கு நாலு வியூ (ரிக்வெஸ்ட் வந்தாப் பதில் செய்து அனுப்பிற ஃபங்ஷன்) எழுதுவினம். எழுதுற நேரம் சுகமாத்தான் இருக்கும், முதலாவதைக் கொப்பி பண்ணி கடைசி வரியை மாத்தினாச் சரி. பிரச்சினை வாறது ஒரு மாசத்துக்குப் பிறகு, காத்து கூடினா அண்டைக்குப் படகு இல்லை எண்டு ஒரு ஃபில்டர் போட வேண்டி வரும், அதை வெப்பேஜ் வியூல போட்டிட்டு ஜேசன் வியூல போட மறந்தா ரிசப்ஷன்ல இருக்கிற ஆள் ஓடாத படகுக்கு டிக்கெட் எழுதிக்கொண்டு இருப்பார். அதனால லிஸ்ட் எடுக்கிற வேலை ஒரே இடத்தில நடக்க வேணும், அதை என்ன உடுப்புப் போட்டு வெளியில அனுப்பிறது எண்ட முடிவு மட்டும் கடைசியில வரவேணும்.

சேர்வருக்கு எப்பிடித் தெரியும் எந்த போர்மட் எண்டு

மூண்டு வழி இருக்குது. ஒண்டு அக்செப்ட் ஹெடர் (எந்த போர்மட் வேணும் எண்டு ரிக்வெஸ்டோட சேந்து வாற வரி), ரெண்டாவது யூஆர்எல் கடைசியில டொட் ஜேசன், டொட் சிஎஸ்வி எண்டு வால் வைக்கிறது, மூண்டாவது கேள்விக்குறிக்குப் பிறகு போர்மட்=சிஎஸ்வி எண்டு பரமீட்டர் குடுக்கிறது.

அக்செப்ட் ஹெடர்தான் எச்டிடிபி ஸ்டாண்டர்ட்ல இருக்கிற முறையான வழி, 2022 ல வந்த ஆர்எஃப்சி 9110 (ஆர்எஃப்சி எண்டா இன்டர்நெட் ஸ்டாண்டர்ட் ஆவணம்) ல இது விளக்கமா இருக்குது. கிளையன்ட் தனக்கு விருப்பமான போர்மட் எல்லாத்தையும் கமா போட்டு அனுப்பும், ஒவ்வொண்டுக்கும் கியூ எண்டு 0 இல இருந்து 1 வரைக்கும் ஒரு மார்க் குடுக்கலாம், மார்க் குடுக்காட்டி 1 எண்டு அர்த்தம். பிரவுசர் ஒண்டு பேஜ் திறக்கேக்க கிட்டத்தட்ட இப்பிடி அனுப்பும்:

டெக்ஸ்ட்/எச்டிஎம்எல், அப்ளிகேஷன்/எக்ஸ்எம்எல்;கியூ=0.9, */*;கியூ=0.8

அந்தக் கடைசி ஸ்டார் ஸ்லாஷ் ஸ்டாரைக் கவனியுங்கோ, எல்லாக் கரைச்சலும் அதிலதான். அதுக்கு அர்த்தம் எதைக் குடுத்தாலும் வாங்குவன் எண்டு. அப்ப பிரவுசரைப் பாத்து நீ ஜேசன் வாங்குவியோ எண்டு கேட்டாலும் ஓம் எண்டுதான் சொல்லும். டேர்மினல்ல இருந்து ரிக்வெஸ்ட் அனுப்பிற கேர்ல் கமாண்டும், ஜாவாஸ்கிரிப்ட் ஃபெட்ச்சும் இன்னும் மோசம், நாங்களா ஒண்டும் செட் பண்ணாட்டி வெறும் ஸ்டார் ஸ்லாஷ் ஸ்டார் மட்டும்தான் அனுப்பும். முந்தி வெப்கிட் பிரவுசருகள் எக்ஸ்எம்எல்லுக்கு எச்டிஎம்எல்லை விடக் கூட மார்க் குடுத்து அனுப்பின காலமும் இருந்தது, ஹெடரை அப்பிடியே நம்பின சைட் எல்லாம் சாதாரண ஆக்களுக்கு எக்ஸ்எம்எல்லைத் தூக்கிக் காட்டினது. ரெயில்ஸ் எண்ட ரூபி ஃபிரேம்வேர்க் இண்டைக்கும் கமாவோட ஸ்டார் ஸ்லாஷ் ஸ்டார் வாற அக்செப்ட்டைப் பாத்தா இது பிரவுசர்தான் எண்டு முடிவெடுத்து ஹெடரைக் கணக்கில எடுக்காம எச்டிஎம்எல் குடுக்கும், ஏஜாக்ஸ் ரிக்வெஸ்டா (பேஜை மாத்தாம ஜாவாஸ்கிரிப்ட் பின்னால அனுப்பிறது) இருந்தா மட்டும்தான் ஹெடரைப் பாக்கும்.

என்ட அபிப்பிராயம் இதுதான்: புரோகிராம் கேக்கிறதுக்கு அக்செப்ட், மனிசர் கேக்கிறதுக்கு யூஆர்எல் வால். ரெண்டையும் வையுங்கோ, யூஆர்எல்ல வால் இருந்தா அதுதான் வெல்ல வேணும். ஏனெண்டா கணக்குப் பாக்கிறவர் அந்த சிஎஸ்வி லிங்கை வட்ஸ்அப்பில இன்னொருத்தருக்கு அனுப்புவார், லிங்கோட ஹெடர் போகாது. கலண்டர் அப்பும் அப்பிடித்தான், யூஆர்எல்லைக் குடுத்து சப்ஸ்கிரைப் பண்ணலாமே தவிர, இந்த ஹெடரையும் சேத்து அனுப்பு எண்டு சொல்ல அதில இடமே இல்லை. முறையா ஹெடரால மட்டும்தான் செய்ய வேணும், வால் வைக்கிறது வடிவில்லை எண்டு சொல்லுற ஆக்கள் இருக்கினம், அவையளை ஒருக்கா படகோட்டிக்கு விளங்கப்படுத்தச் சொல்லுங்கோ.

வியூவை எப்பிடி அடுக்கிறது

எந்த ஃபிரேம்வேர்க் எண்டாலும் வியூவுக்குள்ள ஒழுங்கு இதுதான்:

பயணங்கள் வியூ (ரிக்வெஸ்ட், வால்):
    1. பாக்க உரிமை இருக்கோ எண்டு பார்
    2. திகதி, இடம் ஃபில்டரைப் படி, பிழையா இருந்தா 400 (பிழையான ரிக்வெஸ்ட்)
    3. டேட்டாபேஸ்ல இருந்து லிஸ்ட் எடு
    4. ஒவ்வொரு பயணத்தையும் சாதாரண டிக்ஷனரி ஆக்கு
    5. போர்மட்டைத் தெரிவு செய் (வால் இருந்தா வால், இல்லாட்டி அக்செப்ட், ரெண்டும் இல்லாட்டி எச்டிஎம்எல்)
    6. அந்த போர்மட்டுக்குரிய ரெண்டரர்ட்ட லிஸ்டைக் குடு
    7. வேரி ஹெடரைப் போட்டு அனுப்பு (ஏன் எண்டு பிறகு சொல்லுறன்)

நாலாவது படியைத்தான் ஆக்கள் தாவிறது. மொடலை (டேட்டாபேஸ் வரிசையைக் குறிக்கிற ஒப்ஜெக்ட்) நேரா ஜேசன் ஆக்கிற குறுக்குவழி கன ஃபிரேம்வேர்க்ல இருக்குது, அதைப் பாவிச்சீங்கள் எண்டா மொடல்ல இருக்கிற எல்லாக் கொலமும் வெளியில போகும். டெம்ப்ளேட்ல நீங்கள் நேரத்தையும் சீட்டையும் மட்டும்தானே காட்டினீங்கள், ஆனா ஜேசன்ல புக் பண்ணின ஆளிட போன் நம்பர், பாஸ்போர்ட் நம்பர் எல்லாம் போய்க்கொண்டு இருக்கும், ஸ்கிரீன்ல தெரியாததால ஒருத்தரும் கவனிக்கவும் மாட்டினம். எது வெளியில போகலாம் எண்டு நாலாவது படியில கொலம் கொலமாப் பேர் சொல்லி எழுதுங்கோ. புதுசா ஒரு கொலம் சேத்தா அது தானா வெளியில போகக்கூடாது.

ரெண்டரர் ஒவ்வொண்டும் தனித்தனி ஃபங்ஷன், அதுக்கு டேட்டாபேஸைப் பற்றி ஒண்டும் தெரியக்கூடாது. லிஸ்ட் உள்ள போக வேணும், ரெஸ்பொன்ஸ் வெளியில வரவேணும், அவ்வளவுதான். ஆறாவது படிக்கு இஃப் எல்ஸ் அடுக்கிறதை விட போர்மட் பேரையும் ஃபங்ஷனையும் சேத்து ஒரு டிக்ஷனரி வைச்சா நல்லம், நாளைக்கு பிடிஎஃப் வேணும் எண்டு வந்தா ஒரு வரி சேத்தாச் சரி.

ஜாங்கோவில

ஜாங்கோ ஒரு பைதன் ஃபிரேம்வேர்க், 2020 ல வந்த 3.1 ல இருந்து ரிக்வெஸ்ட்ல அக்செப்ட்ஸ் எண்ட மெதட் இருக்குது, போர்மட் பேரைக் குடுத்தா ஓம் இல்லை சொல்லும். மேல சொன்ன ஸ்டார் கரைச்சல் இங்க நேரா வரும். அப்ளிகேஷன்/ஜேசன் வாங்குவியோ எண்டு முதல்ல கேட்டு, ஓம் எண்டா ஜேசன் குடு எண்டு எழுதினா பிரவுசரில திறக்கிற எல்லாருக்கும் ஜேசன்தான் போகும். அதனால டெக்ஸ்ட்/எச்டிஎம்எல்லை முதல்ல கேளுங்கோ, இல்லை எண்டு வந்தா மட்டும் ஜேசனுக்குப் போங்கோ. இப்பிடி எழுதினா ஹெடர் செட் பண்ணாத ஃபெட்ச்சுக்கும் எச்டிஎம்எல்தான் போகும், அது சரிதான், ஜேசன் வேணும் எண்டா கேக்கிற ஆள் வாய் திறந்து கேக்கட்டும்.

ஜாங்கோ 5.2 ல, அது 2025 ல வந்தது, இதை விட நல்லதா கெட் பிரிஃபேர்ட் டைப் எண்டு ஒண்டு வந்திருக்குது. நீங்கள் குடுக்கக்கூடிய போர்மட் லிஸ்டைக் குடுத்தா கியூ மார்க் எல்லாம் பாத்து கிளையன்ட் ஆகக் கூட விரும்பிறதைத் திருப்பித் தரும், ஒண்டும் பொருந்தாட்டி நன் எண்டு வரும். ஸ்டார் மட்டும் வந்தா உங்கட லிஸ்ட்ல முதலாவதா இருக்கிறது வெல்லும், அதனால எச்டிஎம்எல்லை முதல்ல வையுங்கோ. பழைய டியூட்டோரியல் பாத்து இஸ் ஏஜாக்ஸ் எண்டு எழுதிற ஆக்கள் இன்னும் இருக்கினம், அதை 3.1 ல வேண்டாம் எண்டு அறிவிச்சு 4.0 ல எடுத்தே விட்டாச்சு. எடுக்காட்டியும் பிரயோசனம் இல்லை, அது பாத்தது ஜேகுவெரி மாதிரி லைப்ரரிகள் தானாப் போடுற ஒரு ஹெடரை, ஃபெட்ச் அதைப் போடாது.

வாலுக்கு ஒரே வியூவுக்கு ரெண்டு யூஆர்எல் பட்டர்ன் எழுதினாச் சரி, ஒண்டு வால் இல்லாம, மற்றது வாலோட. வாலா வரக்கூடியது ஜேசன், சிஎஸ்வி, ஐசிஎஸ் (கலண்டர் பைல்) மட்டும் எண்டு பட்டர்ன்லயே இறுக்கி வைச்சீங்கள் எண்டா, ஆரும் கண்டதை அடிச்சா தானா 404 வரும்.

ஜாங்கோ ரெஸ்ட் ஃபிரேம்வேர்க் பாவிக்கிறீங்கள் எண்டா இந்த வேலை முக்கால்வாசி செய்து வைச்சிருக்குது. ரெண்டரர் கிளாஸ் லிஸ்ட் ஒண்டு குடுக்க வேணும், அக்செப்டையும் பாக்கும், போர்மட் பரமீட்டரையும் பாக்கும், ஃபோர்மட் சஃபிக்ஸ் பட்டர்ன்ஸ் எண்டதைச் சுத்திவிட்டா வாலும் வேலை செய்யும், ரெண்டரர் ஒண்டுக்கு மேல இருந்தா வேரி ஹெடரையும் தானாப் போடும். சிஎஸ்விக்கும் கலண்டருக்கும் மீடியா டைப், போர்மட் எண்ட ரெண்டு பேரும் ரெண்டர் மெதட்டும் உள்ள சின்னக் கிளாஸ் எழுதினாப் போதும்.

மற்ற ஃபிரேம்வேர்க்குகள்

ரெயில்ஸ்ல ரெஸ்பொண்ட் டூ புளொக் 2006 ல வந்த 1.1 ல இருந்தே இருக்குது, உள்ள போர்மட்டுக்கு ஒரு வரி. வெறும் ஸ்டார் வந்தா முதல்ல எழுதினது ஓடும், எழுதாத போர்மட்டைக் கேட்டா 406 (கேட்ட போர்மட்ல தர ஏலாது). எக்ஸ்பிரஸ்ல ரெஸ் டொட் போர்மட் கிட்டத்தட்ட அதே மாதிரி, வேரியையும் தானே போட்டுவிடும். பிளாஸ்க்ல அக்செப்ட் மைம்டைப்ஸ் எண்ட ஒப்ஜெக்ட்ல பெஸ்ட் மட்ச் கேக்கலாம், அதோட ஜேசனிட மார்க் எச்டிஎம்எல்லிட மார்க்கை விடக் கூடவோ எண்டும் ஒப்பிட்டுப் பாத்தா பிரவுசர் பிரச்சினை வராது. லாரவெல்ல வோன்ட்ஸ் ஜேசன், எக்ஸ்பெக்ட்ஸ் ஜேசன் எண்டு ரெண்டு இருக்குது, முதலாவது அக்செப்ட்ல ஆக விருப்பமானது ஜேசனோ எண்டு மட்டும் பாக்கும், ரெண்டாவது ஏஜாக்ஸ் ரிக்வெஸ்டையும் கணக்கில எடுக்கும்.

தமிழ் எழுத்து உள்ள டேட்டா எண்டா

இங்கதான் இங்கிலீஷ் டியூட்டோரியல் கைவிடுறது, அதனால கொஞ்சம் நிண்டு பாப்பம்.

ஜேசன்: பைதன் வழமையாத் தமிழ் எழுத்தை எல்லாம் பக்ஸ்லாஷ் யூ போட்டு நம்பரா மாத்தி அனுப்பும். பிழை இல்லை, வாங்கிற பக்கம் திரும்ப எழுத்தாத்தான் வரும், ஆனா யூடிஎஃப்-8 ல 3 பைட் எடுக்கிற எழுத்து இப்பிடி 6 பைட் எடுக்கும். புறாமலை எண்ட சொல்லுக்கு 21 பைட் போதும், மாத்தி அனுப்பினா 42. டிபக் பண்ணேக்க கண்ணால வாசிக்கவும் ஏலாது. ஜாங்கோ ஜேசன் ரெஸ்பொன்ஸ்ல ஜேசன் டம்ப்ஸ் பராம்ஸ் வழியா என்ஷுவர் ஆஸ்கியை ஃபோல்ஸ் ஆக்குங்கோ, பிளாஸ்க் 2.2 க்குப் பிறகு அப் டொட் ஜேசன்ல அதே பேர். அதோட ஜாங்கோவில லிஸ்டை நேராக் குடுத்தா எரர் வரும், சேஃப் ஃபோல்ஸ் குடுக்கலாம், ஆனா ஒரு டிக்ஷனரிக்குள்ள பயணங்கள் எண்ட கீயில லிஸ்டை வைக்கிறதுதான் நல்லம், பேந்து பக்க எண்ணிக்கை சேக்கவும் இடம் இருக்கும்.

சிஎஸ்வி: யூடிஎஃப்-8 ல சரியா எழுதிக் குடுத்தாலும் எக்செல்ல டபுள் கிளிக் பண்ணித் திறக்கத் தமிழ் எல்லாம் கோழி கிளறின மாதிரி வரும். பைலிட தொடக்கத்தில பொம் எண்ட 3 பைட் அடையாளத்தை வைச்சா எக்செல் இது யூடிஎஃப்-8 எண்டு விளங்கிக்கொள்ளும், பைதன்ல யூடிஎஃப்-8-சிக் எண்ட என்கோடிங் இதைச் செய்யும். போன் நம்பர் கொலம் இருந்தா முன்னுக்கு இருக்கிற சைபரை எக்செல் விழுங்கிவிடும், 077 எண்டது 77 ஆகும், அதனால +94 போட்டு இடைவெளி விட்டு எழுதுங்கோ. பயணிகள் தாங்களா அடிக்கிற பேர், குறிப்பு மாதிரிக் கொலத்தில சமன் குறியோ பிளஸ்ஸோ மைனஸோ அட் குறியோ முதல் எழுத்தா இருந்தா எக்செல் அதை ஃபோர்முலா எண்டு ஓடப் பாக்கும், ஆரும் வேணுமெண்டு செய்யலாம், அப்பிடிப்பட்ட செல்லுக்கு முன்னால ஒரு தனி மேற்கோள் குறி வையுங்கோ. நீங்களே எழுதிற போன் கொலத்தை இதில இருந்து விடலாம். டவுன்லோட் ஆக வாறதுக்கு கொன்டென்ட் டிஸ்பொசிஷன்ல அட்டச்மென்ட் எண்டு போட்டு பைல் பேரில திகதியைச் சேருங்கோ, இல்லாட்டி டவுன்லோட் ஃபோல்டர்ல எல்லாம் ஒரே பேரில கிடக்கும்.

கலண்டர்: 2009 ல வந்த ஆர்எஃப்சி 5545 தான் ஐகலண்டர் போர்மட். ஒரு வரி 75 பைட்டுக்கு மேல போகக்கூடாது எண்டு சொல்லுது, எழுத்து இல்லை, பைட். தமிழ்ல ஒரு யூனிகோட் எழுத்துக்கு 3 பைட், அப்ப ஒரு வரிக்கு 25 தான், அதுவும் வரித் தொடக்கத்தில வாற சமரி (தலைப்பு) எண்ட பேருக்குப் போனது போக. நிலாவெளி புறாமலை எண்டு எழுதினாலே 46 போச்சு. நீண்டா அடுத்த வரிக்கு மடிச்சு, அந்த வரியை ஒரு ஸ்பேஸோட தொடங்க வேணும், மடிக்கேக்க ஒரு எழுத்திட 3 பைட்டுக்கு நடுவில வெட்டினா அந்த இடத்தில கேள்விக்குறிப் பெட்டிதான் தெரியும். வரி முடிவு சிஆர் எல்எஃப் ரெண்டும் சேந்தது, கமாவுக்கும் அரைப்புள்ளிக்கும் முன்னால பக்ஸ்லாஷ். இதை எல்லாம் கையால எழுதாம ஒரு லைப்ரரியை நம்புங்கோ.

நேரத்தை யூடிசி ஆக்கி கடைசியில இசட் போட்டுக் குடுக்கிறது சுகம், இலங்கை நேரம் 5 மணி 30 நிமிசம் முன்னுக்கு, காலமை 6 மணிப் படகு 00:30 எண்டு போகும், கலண்டர் திரும்ப 6 ஆக்கிக் காட்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் யூஐடி (அதிட தனி அடையாளம்) எப்பவும் ஒண்டாவே இருக்க வேணும், டேட்டாபேஸ் ஐடியை வைச்சு எழுதுங்கோ, ரிக்வெஸ்டுக்கு ரிக்வெஸ்ட் புதுசா உருவாக்கினா கலண்டர் அதை ஒவ்வொரு முறையும் வேற பயணம் எண்டு நினைக்கும். காத்துக்கு நிப்பாட்டின பயணத்தை லிஸ்ட்ல இருந்து எடுக்காம ஸ்டேட்டஸ் கான்செல்ட் (ரத்து) எண்டு அனுப்பினா ஓட்டுற பெடியனுக்கு நிப்பாட்டினது விளங்கும், சும்மா மறைஞ்சா குழம்பிப் போவான். அப்ப மூண்டாவது படியில நிப்பாட்டினதையும் சேத்து எடுத்து, நிலை எண்டு ஒரு கொலம் வைச்சு, காட்டுறதோ விடுறதோ எண்டதை ரெண்டரர்ட்ட விடவேண்டி வரும். வெப்பேஜ்ல சிவப்புக் கோடு, ஜேசன்ல நிலை, சிஎஸ்வியில ஒரு கொலம்.

வேரி ஹெடரை மறந்தா

ஒரே யூஆர்எல்லுக்கு ரெண்டு விதமான பதில் போகுது எண்டா நடுவில இருக்கிற கேச்சுக்கு (பழைய பதிலைச் சேமிச்சு வைச்சுத் திரும்பக் குடுக்கிறது) அதைச் சொல்ல வேணும், அதுக்குத்தான் வேரி: அக்செப்ட். இதைப் போடாட்டி ஆரோ ஒரு ஆள் பேஜ் பாக்க வந்து அவரிட ஜாவாஸ்கிரிப்ட் அதே யூஆர்எல்ல ஜேசன் எடுத்திருக்கும், அவர் வேற பேஜுக்குப் போய் பக் பட்டனை அமத்தினா பிரவுசர் கேச்சில இருந்து ஜேசனை எடுத்து ஸ்கிரீன் முழுக்கக் காட்டும். இந்தப் பிழையைத் தேடிக் கண்டுபிடிக்கிறது பெரிய பாடு, ரிஃப்ரெஷ் பண்ணினா சரியாப் போகும், நீங்கள் பாக்கேக்க வராது. எல்லா போர்மட்டுக்கும் வேரி போட வேணும், ஜேசனுக்கு மட்டும் போட்டுக் காணாது. சில சிடிஎன் (சைட்டுக்கு முன்னால நிண்டு கேச் பண்ணிக் குடுக்கிற சேவை) வேரியைச் சரியா மதிக்கிறேல்ல, அப்பிடி ஒண்டுக்குப் பின்னால இருக்கிறீங்கள் எண்டா உங்கட ஜாவாஸ்கிரிப்டையும் டொட் ஜேசன் வாலிலயே கேக்க வையுங்கோ, யூஆர்எல் வேறயானா பிரச்சினையே இல்லை. ஈடேக்கை (பதில் மாறினதோ எண்டு கேச் பாக்கிற அடையாளம்) கடைசியா மாத்தின நேரத்தை வைச்சுச் செய்யிற ஆக்கள் போர்மட் பேரையும் அதுக்குள்ள சேக்க வேணும்.

எரரும் லொகினும்

சரியா வாற பதிலை மட்டும் நாலு போர்மட்ல செய்துபோட்டு எரரை எச்டிஎம்எல்லாவே விட்டிடுவினம். அப் ஜேசன் கேக்குது, அந்த ஐடியில பயணம் இல்லை, 404 எச்டிஎம்எல் பேஜ் போகுது, அப் அதை ஜேசன் எண்டு வாசிக்கப் போய் விழுகுது. போர்மட் தெரிவு செய்யிற ஃபங்ஷனைத் தனியா வைச்சிருந்தா எரர் ஹாண்ட்லரிலயும் அதையே கூப்பிடலாம். ஜேசன் எரருக்கு எந்த வடிவம் எண்டு யோசிச்சு மினக்கெடாதீங்கோ, 2023 ல வந்த ஆர்எஃப்சி 9457 ல ஒரு வடிவம் இருக்குது, டைட்டில், ஸ்டேட்டஸ், டீட்டெயில் எண்டு, அதை எடுங்கோ.

லொகின் இதை விடக் கள்ளமானது. லொகின் இல்லாத ஆளை லொகின் பேஜுக்குத் திருப்பிற டெக்கரேட்டர் கன ஃபிரேம்வேர்க்ல இருக்குது, ஜேசன் கேட்ட புரோகிராமும் அந்தத் திருப்பத்தின் பின்னால போய் லொகின் பேஜை 200 ஓட வாங்கி வரும், 200 தானே எண்டு சந்தோசமாவும் இருக்கும். எச்டிஎம்எல் கேட்டாத் திருப்புங்கோ, மற்றதுக்கு 401 (லொகின் வேணும்). கலண்டர் அப்புக்கு லொகின் பேஜை நிரப்பத் தெரியாது, அதுக்கு யூஆர்எல்லுக்குள்ள ஊகிக்க ஏலாத நீண்ட டோக்கன் ஒண்டு, ஆளுக்கு ஒண்டு, வேண்டாட்டி மாத்தக்கூடிய மாதிரி.

தராத போர்மட்டைக் கேட்டா 406 குடுக்கிறதோ, வழமையான போர்மட்டைக் குடுக்கிறதோ எண்டதை ஸ்டாண்டர்ட் எங்கட முடிவுக்கே விட்டிருக்குது. பிரவுசர்ல வாற ஆளுக்கு 406 காட்டி என்ன பிரயோசனம், ஆனா எக்ஸ்எம்எல் மட்டும்தான் வாங்குவன் எண்டு தெளிவாச் சொன்ன புரோகிராமுக்கு 406 குடுத்து, நாங்கள் தரக்கூடிய லிஸ்டையும் உள்ள எழுதிவிடுறது நல்லம்.

எப்ப இதைச் செய்யக்கூடாது

வெப்பேஜ்ல 20 பயணம் 20 பயணமாப் பக்கம் பிரிப்பீங்கள், சிஎஸ்வி கேக்கிறவருக்கு சீசன் முழுக்க, மே தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும் ஒரே பைல்ல வேணும். இவ்வளவு வித்தியாசத்தை ஒரே வியூ தாங்கும், பக்கம் பிரிக்கிறதை லிஸ்ட் எடுத்த பிறகு எச்டிஎம்எல்லுக்கும் ஜேசனுக்கும் மட்டும் செய்யலாம். ஆனா வெப்பேஜுக்குக் காலநிலை, படம், விமர்சனம் எண்டு வேற அஞ்சு கேள்வி டேட்டாபேஸ்ல கேக்க வேண்டி இருக்குது, ஜேசனுக்கு அது ஒண்டும் தேவையில்லை, வியூவுக்குள்ள போர்மட் இது எண்டா இப்பிடி, அது எண்டா அப்பிடி எண்டு இஃப் முளைக்கத் தொடங்கினா பிரிச்சு விடுங்கோ. பிரிச்சாலும் லிஸ்ட் எடுக்கிற ஃபங்ஷன் ஒண்டாவே இருக்கட்டும். வெளி ஆக்கள் நம்பிப் பாவிக்கிற ஏபிஐ எண்டாலும் தனி யூஆர்எல், தனி வேர்ஷன், பேஜ் டிசைனை மாத்தேக்க அவையளிட அப் உடையக்கூடாது.

சோதிச்சுப் பாக்கிறது

கேர்ல்ல ஹெடரையும் சேத்துக் காட்டுற ஒப்ஷனோட அஞ்சு தரம் கேளுங்கோ: ஒண்டும் செட் பண்ணாம, பிரவுசர் அனுப்பிற முழு அக்செப்டையும் கொப்பி பண்ணிப் போட்டு, ஜேசன் மட்டும் கேட்டு, ஜேசன் கேட்டுக்கொண்டே டொட் சிஎஸ்வி வாலோட, பேந்து நாங்கள் தராத போர்மட் ஒண்டை மட்டும் அக்செப்ட்ல கேட்டு. முதல் ரெண்டுக்கும் எச்டிஎம்எல், மூண்டாவதுக்கு ஜேசன், நாலாவதுக்கு சிஎஸ்வி, அஞ்சாவதுக்கு 406 வரவேணும், ஒவ்வொண்டிலயும் கொன்டென்ட் டைப்பும் வேரியும் இருக்கோ எண்டு பாருங்கோ. இந்த அஞ்சையும் லொகின் பண்ணாமலும் இல்லாத ஐடிக்கும் திரும்ப ஓட்டுங்கோ. பிறகு இதையே டெஸ்ட் பைல்ல எழுதி வைச்சா, ஆரும் ரெண்டரர் டிக்ஷனரியில ஒழுங்கை மாத்தினா அண்டைக்கே டெஸ்ட் சிவப்பாகும். சிஎஸ்விக்கு மட்டும் டெஸ்ட் காணாது, ஒருக்கா உண்மையான எக்செல்ல திறந்து தமிழ் வாசிக்கக்கூடியதா இருக்கோ எண்டு கண்ணால பாத்திட்டுத்தான் லிங்கைக் கந்தோருக்கு அனுப்ப வேணும்.